டலண்டாவை நீக்கும் வேலை

எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் எதையும் யாரும் மாற்ற மாட்டார்கள். குழாய் சொட்டினால் அடியில் வாளி வைப்போம். வாளி நிறைந்தால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவோம். பிறகு குழாயைச் சரிசெய்ய ஆள் வந்தால், செடி வாடிவிடும் என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிடுவோம். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் கம்ப்யூட்டர் மொழி ஒன்றை உண்டாக்கினார். அது போதாதென்று முப்பத்தைந்து வருஷம் கழித்து அதைப் புதுப்பிக்கவும் கிளம்பினார்.

அவர் பெயர் முன்ஜி கம்மூன். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, கரி பிடித்த ஒரு காபிப் பாத்திரம், வாசலில் ஒரு பழைய மொபெட். அவருடைய கம்பெனி அவ்வளவுதான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "இருபத்தஞ்சு வயசுப் பையன் ஒருத்தன்கிட்ட வேலை பாக்கறேன். மகா அவசரக்காரன். அவன் கிறுக்கி வச்சதையெல்லாம் நான்தான் துடைக்கணும். லீவும் கிடையாது, ஒரு நல்ல வார்த்தையும் கிடையாது" என்பார். அந்தப் பையன், மொழியை எழுதிய காலத்து அவரேதான்.

மொழியின் பெயர் மீஸான், அதாவது தராசு. ஆலிவ் எண்ணெய் ஆலைகளுக்காகச் செய்தது. எந்த வண்டி யாருடையது, எத்தனை கிலோ காய், அரைத்த எண்ணெயில் தோப்புக்காரருக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு என்பதையெல்லாம் அதில் எழுதலாம். கட்டளைகள் எல்லாம் எங்கள் தெருவில் பேசுகிற அரபுச் சொற்கள். அதனால் ஆலைக்காரர்களின் பிள்ளைகளும் மருமகன்களும் தங்கள் ஆலைக்கான புரோகிராமைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆலைக்கும் ஒவ்வொரு வழக்கம். ஒருவர் பள்ளிவாசலுக்கு ஒரு பங்கு ஒதுக்குவார். இன்னொருவர் மாமியார் வீட்டுக் காய்க்கு எடையைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவார். மீஸான் எல்லாவற்றுக்கும் தலையாட்டும்.

அதில் பிழைகளுக்குப் பஞ்சமில்லை. பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று விடை வரும். ஆலைக்காரர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று முன்ஜி அப்படி வைத்திருந்தார். வரியின் கடைசியில் புள்ளி வைக்க மறந்தால் அந்த வரியை மீஸான் கண்டுகொள்ளாது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் செய்யாது. இது தவறு என்று அவருக்கு மூன்றாவது வருஷமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் மஹ்ரஸ் ஊர் ஆலைக்காரர் ஒருவர், வேண்டாத வரியை அழிக்கச் சோம்பல்பட்டு, புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். பிழையைத் திருத்தினால் அவர் தூங்க வைத்த வரிகளெல்லாம் எழுந்து உட்காரும். முன்ஜி திருத்தவில்லை.

திருத்த முடியாமல் போனதற்கு அவருடைய வாயும் ஒரு காரணம். மீஸானை வெளியிட்ட அன்று, காபி அதிகமாகிப்போய், ஆலைக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், "இன்னிக்கி நீங்க எழுதற புரோகிராம் உங்க பேரன் காலத்துலயும் ஒரு எழுத்து மாத்தாம ஓடும்" என்று மார்தட்டியிருந்தார். ஸ்ஃபாக்ஸ்காரர்கள் எதை மறந்தாலும் இலவசமாகக் கிடைத்த வாக்கை மறக்க மாட்டார்கள்.

ஆனால் எல்லாப் பிழைகளையும் தூக்கிச் சாப்பிடும் பிழை ஒன்று இருந்தது. அதற்கு ஒரு பெண்ணின் பெயர்.

எடைமேடையிலிருந்து ஒரு வண்டி இறங்கினால், அடுத்த வண்டி ஏறும்வரை கம்ப்யூட்டர் சும்மா இருக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டளை தேவைப்பட்டது. அப்போது முன்ஜிக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. பெயர் டலண்டா. பாப் திவான் கோட்டைவாசல் பக்கத்துக் காபிக்கடையில் மாலை தோறும் அவளுக்காக உட்கார்ந்திருப்பார். அவள் ஒருநாள்கூடச் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. எனவே 'காத்திரு' என்று சொல்ல வேண்டிய கட்டளைக்கு அவள் பெயரையே வைத்தார். கொஞ்சுவதாக நினைப்பு. கொஞ்ச நாளில், அரை மணி நேரம் காத்திருந்து வெறுத்துப்போய் அவர் எழுந்து சென்ற ஒரு மாலையில், அவள் வந்து காலி நாற்காலியைப் பார்த்தாள். மறுநாள் மோதிரம் திரும்பி வந்தது. இப்போது அவள் சூஸ் நகரில் மருந்துக்கடை வைத்திருப்பதாகக் கேள்வி.

மோதிரத்தைத் திரும்ப வாங்கலாம், பெயரை எப்படித் திரும்ப வாங்குவது? அதற்குள் சுற்றுவட்டார ஆலைகளிலெல்லாம் டலண்டா குடியேறிவிட்டாள். வாசல் திரையில் அடுத்த வண்டிக்காரரின் பெயரும், அதன் கீழே 'டலண்டா' என்ற சொல்லும் மின்னி மின்னி அணையும். வண்டிகள் வரிசையில் நிற்கும் திடலுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "லாரிய டலண்டால போடு" என்பார்கள். பல் டாக்டர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பவன் போனில், "இன்னும் டலண்டாலதான் இருக்கேன்" என்பான். அது யாரென்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் முன்ஜியின் மனைவி நஸீஹா இருக்கும் இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்.

நஸீஹா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தினாள். போன கோடைத் தொடக்கத்தில் அவளுடைய தங்கை மகளின் கல்யாணத்தில்தான் அந்த மௌனம் உடைந்தது. அலங்காரம் முடிந்து மணப்பெண் வரத் தாமதமானது. எங்கள் பக்கத்துப் பெரிய ஆலைக்குச் சொந்தக்காரரும் ஆலைக்காரர் சங்கத் தலைவருமான ஹாஜ் தாஹர் எல்லூமி, நல்ல மனசோடு உரக்கக் கேட்டார்.

"என்னப்பா, பொண்ணு இன்னும் டலண்டாலதானா?"

மேஜையே சிரித்தது. பிறகு எல்லோரும் நஸீஹாவைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது காரில் அவள் முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"அடுத்த சீசனுக்குள்ள அந்தப் பேரு அதுலேர்ந்து போகணும்."

"போயிடும்."

"பாக்கலாம், பண்ணலாம்னு இழுக்காத."

"போயிடும்னுதானே சொன்னேன்."

"மாடி விளக்குக்கும் இதையேதான் சொன்ன. இப்பவும் டார்ச் அடிச்சுக்கிட்டுதான் மேல போறேன்."

நல்லவேளை, மீஸானைப் புதுப்பிக்கும் வேலை எப்படியும் தலைக்கு மேல் வந்து நின்றது. புதிதாக வந்த எடைமேடைகள் பழைய கம்ப்யூட்டர்களோடு பேச மறுத்தன. தோப்புக்காரர்கள் தங்கள் காயின் எடையைப் போனிலேயே பார்க்க வேண்டும் என்றார்கள். தலைநகர் தூனிஸிலிருந்து ஒரு விற்பனையாளர் வெளிநாட்டுச் சரக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வந்துபோனார். ஹாஜ் தாஹர் முன்ஜியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எங்களுக்குப் புதுசு வேணும். ஆனா பழசுல ஒண்ணும் மாறக் கூடாது. ஒரு ஆலையில ஒரு புரோகிராம் நின்னாலும் நாங்க தூனிஸ்காரன்கிட்ட போயிடுவோம்."

"அதாவது, வீட்ட இடிச்சுட்டுப் புதுசாக் கட்டணும். உள்ள தூங்கறவங்க முழிக்கக் கூடாது" என்றார் முன்ஜி.

"அதேதான். கரெக்டா புரிஞ்சுக்கிட்ட."

முன்ஜி வெளியில்தான் சிரித்தார். மீஸான் போய்விட்டால் தான் யாரென்று அவருக்கே தெரியாது. ஊரில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் பலர் இருந்தார்கள். பிழையோடு பிழையாக ஒரு மொழியை உண்டாக்கியவர் அவர் ஒருவர்தான்.

கோடை முழுவதும் உழைத்தார். ஆலை ஆலையாக மொபெட்டில் போய்ப் பழைய புரோகிராம்களையெல்லாம் திரட்டினார். ஓர் ஊரில் கம்ப்யூட்டர் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால், அது இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார். புதிய மீஸானில் ரோமன் எழுத்துக்குப் பதிலாக அரபு எழுத்து வந்தது, போன் வந்தது, தவறு செய்தால் மரியாதையாகச் சொல்கிற வழக்கம் வந்தது. பழைய பிழைகளையும் அவர் தூக்கி எறியவில்லை. அவற்றுக்கென்று உள்ளே தனியாக ஓர் இடம் கட்டி, அதற்கு 'முட்டாளின் அறை' என்று பெயரும் வைத்தார். பழைய புரோகிராம் எது வந்தாலும் அந்த அறை வழியாகத்தான் போகும். அங்கே பூஜ்யத்தால் வகுத்தால் இன்றும் பூஜ்யம்தான். புள்ளி இல்லாத வரி இன்றும் தூங்கும்.

டலண்டாவுக்கு மட்டும் அந்த அறையில் இடம் தரவில்லை. பழைய புரோகிராமில் அவள் பெயர் எங்கே வந்தாலும் அதை எடுத்துவிட்டு, 'காத்திரு' என்ற வெறும் சொல்லை மாட்டினார். மாட்டும்போதுதான் அந்தப் பழைய கட்டளையின் உள்ளே என்ன இருக்கிறது என்று முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு திறந்து பார்த்தார். வண்டி அரை மணி நேரத்துக்குள் வராவிட்டால் அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடு என்று எழுதியிருந்தது. அவருக்குக் காது சூடாகிவிட்டது. காத்திருக்கத் தெரியாத அந்த அவசரக்காரன், தன் புத்தியை மிஷினுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அறுபது வயதின் நிதானத்தோடு முன்ஜி அந்த அரை மணியை அழித்தார். காத்திரு என்றால் வரும்வரை காத்திரு. யாரையாவது தாண்டித்தான் போக வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு பட்டன் வைத்தார். அதை அமுக்கினால், யார் அனுமதித்தது என்று பெயரைக் கேட்டுப் பதிந்துகொள்ளும். பொறுப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

அலுவலகத்தில் எல்லா ஆலைப் புரோகிராம்களும் தடங்கலில்லாமல் ஓடின. ஒரு வண்டிகூடத் தாமதமாகவில்லை. தாமதமாக அவை வண்டிகளே இல்லையே, முன்ஜி உட்கார்ந்த இடத்தில் தட்டிக்கொடுத்த எண்கள்தானே. வீட்டுக்குப் போய், "பேரு போயாச்சு" என்றார். அன்று ராத்திரி நஸீஹா அவருக்குப் பிடித்த ஆக்டோபஸ் குழம்பு வைத்தாள்.

நவம்பர் பிறந்து, காய் பறிப்பு தொடங்கிய முதல் சனிக்கிழமை, ஹாஜ் தாஹரின் ஆலையில் புதிய மீஸானுக்குப் பரீட்சை. சங்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். தலைநகர் விற்பனையாளரும் பளபளக்கும் ஷூவோடு வந்து ஓரமாக நின்றார். காலையில் ஏறிய வண்டிகள் எல்லாம் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கின. முன்ஜிக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அப்போது திரையில் ஸி முக்தாரின் பெயர் வந்தது. ஊரே மரியாதையாக 'ஸி' போட்டுக் கூப்பிடும் முக்தார் எங்கள் பக்கத்துப் பெரிய தோப்புக்காரர், நஸீஹாவின் தாய்மாமன். அவர் பெயருக்குக் கீழே 'காத்திரு' மின்னியது, மின்னிக்கொண்டே இருந்தது.

எடை போடும் பஷீர் தலையைச் சொறிந்தார்.

"ஸி முன்ஜி, மிஷின் நகர மாட்டேங்குதே."

"வண்டி ஏறினா நகரும்."

"டிரைவர் சாவிய எடுத்துக்கிட்டு லப்லாபி சூப் சாப்பிடப் போயிட்டான். கிண்ணத்துல ரொட்டியப் பிச்சுப் போட ஆரம்பிச்சா அவன் லேசுல எழுந்திருக்க மாட்டான்."

"அப்ப அந்தப் பட்டன அமுக்குங்க, தாண்டிப் போயிடும்."

பஷீர் அமுக்கினார். யார் அனுமதித்தது என்று திரை கேட்டது. பஷீர் சூடான சட்டியைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஹாஜ், உங்க பேரப் போடட்டுமா?"

"எம்பேரா? ஸி முக்தாரத் தள்ளி வச்சது நான்தான்னு பதிஞ்சு வைக்கவா? அவரு தோப்புக் காயெல்லாம் நாளைக்கே எதிர் ஆலைக்குப் போயிடும்! முன்ஜி, உன் மிஷின்தானே. நீயே போடு."

"நானா? ஹாஜ், அவரு என் மாமியாரோட கூடப் பொறந்தவரு!"

மூவரும் பட்டனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் லாரிகளும் டிராக்டர்களும் சாலைவரை நீண்டு ஹாரன் அடித்தன. சாக்குகளில் காய் சூடேறிக்கொண்டிருந்தது. சூடேறினால் எண்ணெய் கெடும். தோப்புக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து கத்த ஆரம்பித்தார்கள். ஹாஜ் தாஹர் முன்ஜியின் பக்கம் திரும்பினார்.

"முன்னெல்லாம் தானாத் தாண்டிப் போகுமேய்யா! அரை மணி ஆச்சுன்னா அடுத்தவன் பேரு வந்துடும். யாரு கேட்டாலும், மிஷின் அப்படித்தான்னு கைய விரிச்சுடுவோம். மிஷினோட யாரு சண்டைக்குப் போவா? முப்பத்தஞ்சு வருஷமா இந்த வாசல்ல ஒரு தகராறு இல்ல. எதனாலன்னு நினைச்ச? என் தங்கமான குணத்தாலயா?"

அப்போதுதான் முன்ஜிக்குப் புரிந்தது. அந்த இருபத்தைந்து வயது அவசரக்காரனின் பொறுமையின்மைதான் இத்தனை வருஷம் ஊரில் சமாதானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அறுபது வயது நிதானஸ்தர் வந்து அரை நாளில் அதைக் கெடுத்துவிட்டார். அவமானமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. சிரித்தால் அடி விழும் என்று அடக்கிக்கொண்டார்.

அதற்குள் டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, திரையைப் பார்த்து, வண்டியை எடுக்காமல் அதைப் போனில் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிட்டான். சற்று நேரத்தில் சிவப்புக் குல்லாவோடு ஸி முக்தாரே காரிலிருந்து இறங்கினார்.

"என்னைக் காத்திருக்கச் சொன்னது யாரு?"

"மாமா, அது மிஷின் சும்மா..."

"மிஷினா? முந்தி அந்தப் பொண்ணு பேருதானே வரும்? அவ பேரு வந்தா நான் பாட்டுக்கு வண்டியில உக்காந்திருப்பேன். இப்ப என்னடான்னா எம்பேரப் போட்டு, கீழ காத்திருன்னு உத்தரவு போடுது! எங்கப்பாகூட என்னை அப்படிச் சொன்னதில்ல!"

தலைநகர் விற்பனையாளர் மெல்லப் பையைத் திறந்து, தன் சரக்கின் வண்ணப் படங்களை எடுத்தார். சங்கத்துக்காரர்கள் அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். ஹாஜ் தாஹர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"முன்ஜி, மத்தியானத்துக்குள்ள பழையபடி வரணும். பேரும் சேத்து."

"அரை மணிய மட்டும் திருப்பி வச்சுடறேன் ஹாஜ். பேரு வேண்டாமே. வீட்ல சொல்லியாச்சு."

"இந்த ஊர்ல எவனுக்கும் உத்தரவு போடாத சொல்லு அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டா நாங்க எப்படித் தொழில் பண்றது?"

முன்ஜி ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். திருப்பி வைத்தால் வீட்டில் முகம் காட்ட முடியாது. வைக்காவிட்டால் ஊரில் முகம் காட்ட முடியாது. நஸீஹா குழம்பு வைத்த ராத்திரி நினைவுக்கு வந்தது. விரல்கள் மட்டும் தங்கள் வேலையைச் செய்தன. முட்டாளின் அறையைத் திறந்து, டலண்டாவை அவள் அரை மணியோடும் சேர்த்து உள்ளே உட்கார வைத்தார்.

திரையில் பழைய பெயர் மின்னியதும் திடலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஸி முக்தார் கோபம் தணிந்து தன் வண்டியை ஏற்றினார். அதற்கடுத்து ஒருவர் தொழுகைக்குப் போய்த் தாமதமாக, அரை மணி கழிந்ததும் மிஷின் தானாகவே அவரைத் தாண்டிப் போனது. அவர் திரும்பி வந்து மிஷினை நாலு வார்த்தை திட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். யாருக்கும் யாரோடும் பகை இல்லை. சங்கம் அங்கேயே கைகுலுக்கி, புதிய மீஸானை எடுத்துக்கொண்டது. விற்பனையாளர் கிளம்பும்போது, "யார் சார் அந்த டலண்டா?" என்று ஆர்வமாகக் கேட்டார். முன்ஜி மொபெட்டை உதைத்தார்.

கிரெம்தா சாலை நெடுக, வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். தன்னைத் தானே கிண்டல் செய்து தப்பிப்பது அவருக்குக் கைவந்த கலை. அன்று யோசித்த கிண்டல் ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசமாக இருந்தது. வீட்டை அடையும்போது சாப்பாட்டு நேரம் எப்போதோ கடந்திருந்தது. மேஜையில் பார்லி ரவையில் செய்த குஸ்குஸும் மீனும் மூடி வைத்திருந்தன. நஸீஹாவின் தட்டும் தொடப்படாமல் இருந்தது.

"ஜெயிச்சுட்டேன். சங்கம் எடுத்துக்கிச்சு" என்றார்.

"சந்தோஷம். கை கழுவிட்டு வா."

"ஆனா அந்தப் பேரு திரும்ப வந்துடுச்சு, நஸீஹா. எடுத்தேன், நிஜமாவே எடுத்தேன். உங்க மாமாவே வந்து அதுதான் வேணும்னு சண்டை போட்டாரு. நான் ஒரு கையாலாகாதவன். எழுதினதும் முட்டாள், திருத்தினதும் முட்டாள், நடுவுல..."

"போதும். உன்னை நீயே திட்டிக்கிட்டா நான் திட்ட மாட்டேன்னு நினைப்பு. முப்பது வருஷமா இதான பண்ற?" அவள் மீனின் மேல் இருந்த மூடியை எடுத்தாள். "அவமேல பொறாமைலதான் பேர எடுக்கச் சொன்னேன்னு நினைச்சியா?"

"பின்ன?"

"அவ உனக்காக என்னைக்குக் காத்திருந்தா? நீதான் அவளுக்காக உக்காந்திருந்த. அதுவும் என்னத்த, ஒரு அரை மணி. இந்த வீட்ல ஒவ்வொரு சீசனும், நீ ஆலை ஆலையாச் சுத்தும்போது, ஆறிப்போன சோத்து முன்னாடி உக்காந்திருக்கறது யாரு? காத்திருக்கறதுக்கு ஒரு பேரு வேணும்னா அது யாரு பேரா இருக்கணும், சொல்லு?"

முன்ஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது.

"ஐயோ, உடனே எம்பேர அதுல ஏத்திடாத, தூ!" என்றாள் அவள். "எல்லா ஆலைலயும் எம்பேரச் சொல்லிக் கத்தறதுக்கா? உக்காரு. சாப்பிடு."

அவர் உட்கார்ந்தார். முதல் கவளம் எடுக்கும்போதே போன் அடித்தது. மஹ்ரஸ் ஆலைக்காரர். முன்ஜியின் கை பழக்கதோஷத்தில் நீண்டது. நஸீஹா முந்திக்கொண்டாள்.

"ஆமா, அவரு போன்தான். சாப்பிடறாரு." எதிர்முனையில் என்னவோ கெஞ்சினார்கள். "எவ்வளவு நேரமா? அவரு சாப்பிடணும், நான் சாப்பிடணும், அப்புறம் ரெண்டு பேரும் காபி குடிக்கணும்." மறுபடியும் கெஞ்சினார்கள். நஸீஹா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்து வந்த பெயரை அவள் வாயால் முன்ஜி அதுவரை கேட்டதே இல்லை.

"அதுவரைக்கும் வண்டிய டலண்டால போட்டு வைங்கண்ணே."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீனில் பெரிய துண்டாகப் பார்த்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.